சூரிய மின்சாரமும் கிராமத்து மருந்தும்: வணிகர் அறிய வேண்டிய ஒரு கணக்கு

மளிகைக் கடை நடத்தும் நமக்குச் சரக்கு கெடுவது என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பால் திரிந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கடலை எண்ணெயில் காறல் வாடை அடித்தால் மூக்கு சொல்லிவிடும். பருப்பில் வண்டு விழுந்தால் கண்ணில் பட்டுவிடும். கெட்டதை ஒதுக்கி வைத்து, நட்டத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கிறோம். வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன்பே தவறு பிடிபட்டுவிடுகிறது.

ஆனால் கெட்டுப்போனாலும் கெட்டது போலத் தோன்றாத ஒரு சரக்கு உண்டு. அதுதான் மருந்து. வெயிலில் கிடந்து வீரியம் இழந்த தடுப்பூசிக் குப்பியும், முறையாகக் காக்கப்பட்ட குப்பியும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மணம் மாறாது, நிறம் மாறாது. குழந்தைக்கு ஊசி போட்டாகிவிட்டது என்று தாய் நிம்மதியாக வீடு திரும்புவாள். அந்த ஊசியில் பலன் இல்லை என்பது நோய் வந்த பிறகுதான் தெரியும். நம் கடையில் சரக்கு கெட்டால் நட்டம் நம் பணத்தோடு போகும். மருந்து கெட்டால் நட்டம் ஓர் உயிரின் கணக்கில் எழுதப்படும்.

மருந்தைக் காப்பது குளிர்ச்சி. குளிர்ச்சியைத் தருவது மின்சாரம். மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேராத கிராமங்களில் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குச் சூரிய வெளிச்சத்தைக் கொண்டு விடை தேடிய முயற்சிகளை இக்கட்டுரையில் பார்ப்போம். இது மருத்துவர்களுக்கான செய்திதானே என்று நம் உறுப்பினர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வெற்றி பெற்ற இடத்திலும் தோற்ற இடத்திலும் காரணமாக இருந்தது நமக்கு நன்கு பழகிய ஒன்று. அது வரவு செலவுக் கணக்கு.

குளிர்ச் சங்கிலி என்பது என்ன?

தடுப்பூசி மருந்துகளைத் தொழிற்சாலையிலிருந்து கடைசிக் கிராமம் வரை குறிப்பிட்ட குளிர்நிலையிலேயே கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டுக்குக் குளிர்ச் சங்கிலி என்று பெயர். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 டிகிரி முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைத்திருக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முழுச் சங்கிலியும் பயனற்றது. மாநிலக் கிடங்கிலும் மாவட்டக் கிடங்கிலும் எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும், கடைசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மின்சாரம் இல்லாமல் இரண்டு நாள் வெப்பத்தில் கிடந்தால் முன்பு பட்ட பாடெல்லாம் வீண்.

குளிர் குறைவதுதான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறோம். குளிர் கூடுவதும் ஆபத்தே. மஞ்சள் காமாலை பி வகைத் தடுப்பூசி, ரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோய்க்கான தடுப்பூசி போன்றவை உறைந்துபோனால் பலன் இழந்துவிடும். மறுபடி இளக வைத்துப் பயன்படுத்த முடியாது. போலியோ சொட்டு மருந்தோ வெப்பத்துக்கு மிகவும் அஞ்சக்கூடியது. ஆகவே ஒரே பெட்டிக்குள் வெப்பத்துக்கு அஞ்சும் சரக்கும் உறைதலுக்கு அஞ்சும் சரக்கும் சேர்ந்தே இருக்கின்றன. "நன்றாகச் சில்லென்று இருக்கட்டும்" என்று திருகியைக் கடைசி எண்ணில் வைத்துவிட்டுப் போவது இங்கே உதவாது.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கேட்டைக் கண்ணுக்குக் காட்ட ஓர் அடையாளம் கண்டுபிடித்தார்கள். குப்பியின் மேல் ஒட்டப்படும் ஒரு சிறு வட்டமும், அதன் நடுவே ஒரு சதுரமும்தான் அது. தொடக்கத்தில் சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருக்கும். குப்பி வெப்பம் பட்டுக்கொண்டே வந்தால் சதுரம் கருத்துக்கொண்டே வரும். சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டால், அல்லது சதுரம் இன்னும் கருத்துவிட்டால், அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. 1996-ஆம் ஆண்டு போலியோ சொட்டு மருந்தில் முதன்முதலாக இந்த அடையாளம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் இது வெப்பத்தை மட்டுமே காட்டும்; உறைந்துபோனதைக் காட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மண்ணெண்ணெய்ப் பெட்டியிலிருந்து சூரியப் பெட்டி வரை

மின்சாரம் இல்லாத ஊர்களில் தடுப்பூசியைக் காக்க முன்பு மண்ணெண்ணெயில் இயங்கும் குளிர்பெட்டிகளைப் பயன்படுத்தினார்கள். நெருப்பை எரித்துக் குளிரை உண்டாக்குவது விந்தையாகத் தோன்றினாலும் அது இயங்கியது. ஆனால் திரியைக் கத்தரித்து, புகைக்கரி துடைத்து, சுடரைக் கையால் கூட்டிக் குறைத்து ஓயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் நிலையாக நிறுத்துவது கடினம். அதோடு நாள்தோறும் எண்ணெய் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் பாதை அறுந்து எண்ணெய் வண்டி வராவிட்டால் பெட்டி நின்றுவிடும். பெட்டியின் விலை ஒருமுறைதான். எண்ணெயின் விலையோ முடிவில்லாத செலவு.

1980-களின் தொடக்கத்தில் சூரிய மின்தகடு பொருத்திய குளிர்பெட்டிகளைப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். பகலில் தகடு தரும் மின்சாரம் பேட்டரியில் சேரும். இரவில் பேட்டரி பெட்டியை ஓட்டும். எரிபொருள் செலவு இல்லை. இனிக் கவலை இல்லை என்று நம்பினார்கள். ஆனால் சில ஆண்டுகளில் பல இடங்களில் பெட்டிகள் நின்றுபோயின. தகடு பழுதாகவில்லை, சூரியனும் ஓய்வெடுக்கவில்லை. பேட்டரி தீர்ந்துபோனதுதான் காரணம். தகடு 20, 25 ஆண்டுகள் உழைக்கும். ஈய அமில பேட்டரியோ 3 முதல் 5 ஆண்டுகளே உழைக்கும். புதிய பேட்டரி வாங்க யாரும் பணம் ஒதுக்கி வைக்கவில்லை. நன்கொடை கொடுத்தவர் பெட்டி திறந்த நாளில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐந்தாம் ஆண்டில் பேட்டரி வாங்கித் தர அவர் வரவில்லை.

இதைக் கண்ட பிறகு பேட்டரியே வேண்டாத பெட்டியை உருவாக்கினார்கள். இதன் தத்துவம் நம் ஐஸ் வியாபாரிகளுக்கு எளிதில் புரியும். பகலில் தகடு தரும் மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்க்காமல், அதைக் கொண்டு பெட்டியின் சுவருக்குள் இருக்கும் நீரை உறையவைத்துவிடுவார்கள். அந்த உறைபனி இரவு முழுதும், மேகமூட்டமான நாட்களிலும், பெட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். மின்சாரத்தைச் சேமிப்பதற்குப் பதிலாகக் குளிரையே சேமிக்கிறார்கள். வெயில் இல்லாவிட்டாலும் குறைந்தது 3 நாள் தாங்க வேண்டும் என்பது இவ்வகைப் பெட்டிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள விதி. 2010-ஆம் ஆண்டை ஒட்டி இவை அந்நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றுப் பல நாடுகளுக்குப் பரவத் தொடங்கின. வாங்கும் விலை கூடுதல்தான். ஆனால் எண்ணெய்ச் செலவும் இல்லை, பேட்டரிச் செலவும் இல்லை. வாங்கும் விலையை மட்டும் பார்ப்பவர் இதை ஒதுக்குவார். பத்தாண்டுச் செலவைக் கூட்டிப் பார்ப்பவர் இதைத் தேர்ந்தெடுப்பார்.

மின்சாரம் ஓரளவு வந்துபோகும் ஊர்களுக்கு இதே தத்துவத்தில் இயங்கும் பனிச்சுவர்ப் பெட்டிகள் நம் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ளன. நாளொன்றுக்கு 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே இவை தம் குளிரைக் காத்துக்கொள்ளும். அந்த 8 மணி நேரமும் கிடைக்காத இடங்களில்தான் சிக்கல்.

சத்தீஸ்கரில் நடந்தது என்ன?

உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து 2023-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாயின் கீழ்ப்படியில் உள்ள நாடுகளிலும் ஏறத்தாழ 100 கோடி மக்கள், மின்சாரமே இல்லாத அல்லது நம்பத்தகுந்த மின்சாரம் இல்லாத மருத்துவ நிலையங்களையே நாடி வாழ்கிறார்கள் என்று அந்த அறிக்கை சொன்னது. தெற்கு ஆசியாவில் 100-க்கு 12 மருத்துவ நிலையங்களுக்கு மின்சாரமே இல்லை என்றும் கணக்கிட்டது. இத்தகைய நிலையைத் தன் எல்லைக்குள் மாற்ற முயன்ற ஒரு மாநிலம் சத்தீஸ்கர்.

2000-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்திலிருந்து பிரிந்த மாநிலம் அது. நிலக்கரி நிறைந்த மண். கோர்பாவில் பெரிய அனல் மின்நிலையங்கள் உண்டு. உற்பத்திக்குக் குறைவில்லை. ஆனால் காடும் மலையும் நிறைந்த உட்பகுதிகளுக்கு நெடுந்தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுபோக வேண்டும். வழியில் மரம் விழுந்தால் இணைப்பு அறும். கடைசிக் கம்பத்துக்குப் போகும்போது மின்னழுத்தம் சரிந்துவிடும். கிடங்கு நிறையச் சரக்கு இருந்தும் கடைசிக் கடைக்கு வண்டி போகாத நிலை இது.

அந்த மாநிலத்தில் 'கிரெடா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை இருக்கிறது. 2012 முதல் 2016 வரையிலான காலத்தில் அது ஏறத்தாழ 900 மருத்துவ நிலையங்களில் சூரிய மின்சாரக் கருவிகளைப் பொருத்தியது. அவற்றுள் 570-க்கும் மேற்பட்டவை ஆரம்ப சுகாதார நிலையங்கள். ஒவ்வொன்றிலும் 2 கிலோவாட் திறனுள்ள தகடுகளும் பேட்டரியும் வைக்கப்பட்டன.

பலன் என்ன? டெல்லியைச் சேர்ந்த சி.இ.இ.டபிள்யூ. என்னும் ஆய்வு நிறுவனம் 15 மாவட்டங்களில் 147 ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பார்வையிட்டு 2017-இல் தன் ஆய்வை வெளியிட்டது. மின்சாரக் குறைபாடு இருந்தும் சூரிய மின்சாரம் இல்லாத நிலையங்களோடு ஒப்பிட்டால், சூரிய மின்சாரம் உள்ள நிலையங்களுக்கு மாதந்தோறும் வந்த புறநோயாளிகளின் எண்ணிக்கை 50 சதவீதத்துக்கும் கூடுதலாக இருந்தது. அங்கு நடந்த பிரசவங்களோ ஏறத்தாழ இரு மடங்கு.

நாம் வணிகர்கள். ஆகவே ஒரு கேள்வி கேட்கத் தோன்றும். விளக்கு போட்டதால் மட்டுமே வாடிக்கையாளர் கூடினாரா? மருத்துவர் இருந்தாரா, மருந்து இருந்ததா, பாதை நன்றாக இருந்ததா என்பவையும் சேர்ந்துதான் இந்த எண்ணிக்கையை உண்டாக்கியிருக்கும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் இரவில் வலி எடுத்த பெண்ணை எங்கே கொண்டுபோவது என்று ஒரு குடும்பம் முடிவு செய்யும்போது, வெளிச்சம் இருக்கும் கட்டடத்தைத்தான் தேடும். இருட்டில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு பிரசவம் பார்க்கச் செவிலியருக்கும் மனம் வராது. பிறந்த குழந்தைக்கு வெதுவெதுப்பு தரும் கருவி ஓட வேண்டும். கருவிகளை வேகவைக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் இரத்தப் போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின் ஊசி மருந்தும் குளிரில் காக்கப்பட வேண்டிய சரக்கே. ஆக ஓர் இரவின் மின்சாரம் விளக்குக்கு மட்டும் போதாது. தாயையும் சேயையும் காக்கும் நான்கைந்து காரியங்களுக்கும் அதுவே முதல்.

வரவறிந்து செலவு

2 கிலோவாட் என்றால் எவ்வளவு? இதைத் தெரிந்துகொண்டால்தான் நமக்கே ஒரு நாள் கடைக்குத் தகடு போடும் எண்ணம் வந்தாலும் ஏமாறாமல் இருப்போம். நம் நாட்டு வெயிலில் 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் 8 யூனிட். பேட்டரியில் போய் வரும்போதும் இன்வெர்ட்டரிலும் ஒரு பங்கு வீணாகும். கைக்கு 6 யூனிட் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். இதுதான் அன்றைய வரவு.

இனிச் செலவு. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 10 வாட் விளக்குகள் 10, நாளுக்கு 8 மணி நேரம் எரிந்தால் 0.8 யூனிட். 70 வாட் பழைய மின்விசிறிகள் 6, 8 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 3.4 யூனிட். மருந்துப் பெட்டிக்கு 1.5 யூனிட். குழந்தையை வெதுவெதுப்பாக வைக்கும் 600 வாட் கருவி 2 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். மொத்தம் 6.9 யூனிட். வரவோ 6. அன்றாடம் ஏறத்தாழ ஒரு யூனிட் பற்றாக்குறை. இது கைமுதலைத் தின்று வியாபாரம் நடத்துவது போன்றது. பேட்டரியை ஒவ்வொரு நாளும் அடிவரை வற்றவிட்டால் அது பாதி ஆயுளிலேயே போய்விடும்.

இப்போது விசிறியை மட்டும் மாற்றுவோம். 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறி 6 போட்டால் 8 மணி நேரத்துக்கு 1.4 யூனிட்தான். மொத்தச் செலவு 4.9 யூனிட்டாக இறங்கிவிடும். பற்றாக்குறை போய் மிச்சம் வந்துவிடும். கூடுதலாகத் தகடு வாங்குவதைவிடக் குறைவாகத் தின்னும் கருவி வாங்குவது பல நேரங்களில் மலிவு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். சூரியன் ஆறு போலக் கொடுத்தாலும் நாம் அளந்துதான் செலவிட வேண்டும்.

இங்கே இன்னொரு கட்டுப்பாடும் தேவை. மருந்துப் பெட்டிக்கென்று வைத்த இணைப்பில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஏறிவிட்டால் இரவில் பெட்டி பட்டினி கிடக்கும். கல்லாப் பணத்தில் வீட்டுச் செலவைக் கலக்கக் கூடாது என்பது போல, மருந்துக்கான மின்சாரத்தில் மற்றதைக் கலக்கக் கூடாது. புதிய பேட்டரியில்லாப் பெட்டிகளில், மருந்துக்குத் தேவையானது போக மிஞ்சும் மின்சாரத்தை மட்டும் பிறவற்றுக்குத் திருப்பிவிடும் கருவியைச் சேர்த்திருக்கிறார்கள். முதல் உரிமை மருந்துக்கு, மிச்சம் மற்றவற்றுக்கு.

தேய்மானத்தை எழுதாத பேரேடு

சத்தீஸ்கரின் பாடத்தில் மிக முக்கியமானது தகடு பொருத்தியது அல்ல. பொருத்தியதைப் பராமரிக்க ஆள் வைத்ததுதான். காட்டுக் கிராமங்களுக்கு அமைத்த சூரிய மின்நிலையங்களை அந்த முகமை மூன்று படிகளாகக் கவனித்தது. ஊரிலேயே ஒருவர் தகட்டைத் துடைத்து, பேட்டரிக்கு நீர் பார்த்துக்கொள்வார். பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரு தொழில்நுட்பம் தெரிந்தவர் சுற்றி வருவார். அவர்கள் தரும் விவரங்களை மேலே இருப்பவர்கள் கண்காணிப்பார்கள். பொருத்திவிட்டு மறந்துபோகும் திட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நாம் கடையில் தராசு வாங்குகிறோம், மாவு மில்லுக்கு மோட்டார் வாங்குகிறோம். கணக்காளர் ஆண்டுதோறும் தேய்மானம் என்று ஒரு தொகையை எழுதுகிறார். ஏன்? அந்தப் பொருள் ஒரு நாள் தீரும்; அன்று புதியது வாங்கப் பணம் வேண்டும். ஊர்ப் பொதுவுக்கென்று தகடு போடும்போது இந்தத் தேய்மானத்தை யாரும் எழுதுவதில்லை. ஒரு மருத்துவ நிலையத்தின் பேட்டரி 60,000 ரூபாய் என்றும், அது 5 ஆண்டு உழைக்கும் என்றும் ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், மாதம் 1,000 ரூபாய் தனியே எடுத்து வைக்க வேண்டும். அப்படி எடுத்து வைத்த இடத்தில் ஆறாம் ஆண்டும் விளக்கு எரியும். எடுத்து வைக்காத இடத்தில் கூரை மேல் தகடு பளபளக்கும். கீழே பெட்டி சூடாக இருக்கும்.

நம் சங்கங்களும் உறுப்பினர்களும் கோயில் திருவிழாவுக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நன்கொடை தருவது வழக்கம். இனி எந்த மருத்துவ நிலையத்துக்காவது சூரிய மின்சாரக் கருவி வாங்கித் தரலாம் என்ற பேச்சு வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம். ஒன்று, தினமும் இதைத் துடைத்துப் பார்த்துக்கொள்பவர் யார்? இரண்டு, பழுதானால் எத்தனை நாளில், எந்த ஊரிலிருந்து ஆள் வருவார்? மூன்று, பேட்டரி மாற்றும் பணம் எந்தக் கணக்கில், யார் பெயரில் சேர்கிறது? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால், பெரிய கருவியாக ஒன்று தருவதைவிடச் சிறிய கருவியும் அதோடு ஐந்தாண்டுப் பராமரிப்புப் பணமும் தருவது மேல். கல்வெட்டில் பெயர் சிறியதாக இருந்தாலும் புண்ணியம் நீண்ட நாள் நிற்கும்.

பழைய ஈய பேட்டரியைக் கண்ட இடத்தில் போடுவதும், உரிமம் இல்லாதவர்களுக்கு எடைக்குப் போடுவதும் கூடாது. ஈயம் மண்ணிலும் நீரிலும் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். நோயைத் தீர்க்க வாங்கிய பொருளே நோயைப் பரப்பக் கூடாது அல்லவா?

நம் கடைப் பிரிட்ஜும் அடுத்த வீட்டு இன்சுலினும்

இதுவரை சொன்னது மருத்துவ நிலையங்களைப் பற்றி. இனி நம் கடைக்கு வருவோம். பல கிராமங்களில் பிரிட்ஜ் இல்லாத வீட்டார், "அண்ணாச்சி, இந்த இன்சுலினை உங்கள் பிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று மளிகைக் கடையில் கொடுத்து வைப்பது உண்டு. மருந்து விற்பனை உரிமம் இல்லாமல் இன்சுலினை நாம் விற்கக் கூடாது, அது குற்றம். ஆனால் அவர்கள் வாங்கிய மருந்தை உபகாரமாக வைத்துத் தருவது வேறு. அந்த உபகாரம் உபத்திரவமாக மாறாமல் இருக்கச் சில செய்திகளை அறிந்துகொள்வோம்.

திறக்காத இன்சுலினையும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைபெட்டிக்குள்ளோ, அதை ஒட்டியோ வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் இளகிய பின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. பிரிட்ஜின் கதவில் வைக்க வேண்டாம். கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். நடுத் தட்டில், மூடியுள்ள ஒரு சிறு டப்பாவில், பெயர் எழுதி வைப்பது நல்லது. குளிர்பானம் எடுக்க நாள் முழுதும் திறந்து மூடும் கண்ணாடிக் கதவுப் பெட்டியைவிட, குறைவாகத் திறக்கும் பெட்டியே இதற்கு ஏற்றது. சிறிய தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்தால் நம் ஊகத்துக்கு வேலையில்லை.

பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினைப் பெரும்பாலும் ஏறத்தாழ 4 வாரம் வரை பிரிட்ஜுக்கு வெளியே, கடும் வெப்பம் படாத இடத்தில் வைத்திருக்கலாம். எத்தனை நாள், எத்தனை டிகிரி என்பது மருந்துக்கு மருந்து மாறும். பெட்டியில் அச்சிட்டிருப்பதே இறுதி. கோடையில் ஈர மண்பானைக்குள் வைத்துக் காப்பது நம் ஊரில் புதிதல்ல. மண்பானை 2 டிகிரி, 8 டிகிரிக் குளிரைத் தராது. ஆனால் வறண்ட வெயில் நாளில் வெளி வெப்பத்தைவிடக் குறைவாக வைத்திருக்கும். திறந்த மருந்துக்கு அது உதவும். மாதக்கணக்கில் இருப்பு வைக்கும் மருந்துக்கு உதவாது.

மின்தடை வந்தால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்காமல் மூடியே வையுங்கள். தடை நீண்ட நேரம் நீடித்திருந்தால், மருந்துக்கு உரியவர் வாங்கிப் போகும்போது அந்தச் செய்தியை மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டு முடிவு செய்துகொள்வார். சொல்லாவிட்டால் பலனில்லாத மருந்தைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று தவிப்பார். பழைய சரக்கைப் புதியது என்று விற்காத கடைக்கு இது கடினமான நேர்மை அல்ல.

மருந்துக் கடையும் சேர்த்து நடத்தும் நம் உறுப்பினர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. சுகாதார நிலையங்களில் தடுப்பூசிப் பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும், ஞாயிறு, விடுமுறை பாராமல், ஏட்டில் எழுத வேண்டும் என்பது விதி. நாம் தினமும் கல்லாவை எண்ணி எழுதுவது போல அவர்கள் குளிரை எண்ணி எழுதுகிறார்கள். இந்த வழக்கத்தை நம் மருந்துக் கடைக் குளிர்பெட்டிக்கும் கொண்டுவந்தால் செலவு ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். காலாவதி முந்தி வருவதை முந்தி விற்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. அதோடு இதுவும் சேரட்டும்.

முடிவாக

சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேசுவோரில் சிலர் அது எல்லாக் குறையையும் தீர்த்துவிடும் என்கிறார்கள். வேறு சிலர் அது நாலு நாள் கூத்து என்கிறார்கள். நாம் பார்த்த கணக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தகடு மருத்துவரைக் கொண்டுவராது; மருந்தை வாங்கித் தராது. ஆனால் வந்த மருத்துவர் இரவிலும் வேலை செய்யவும், வாங்கிய மருந்து வீரியத்தோடு கடைசி ஊருக்குப் போய்ச் சேரவும் அது துணை நிற்கும். அதுவும் ஒரு நிபந்தனையோடு. வாங்கிய நாளிலிருந்தே அதன் தேய்மானத்தை ஒருவர் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

வெயிலுக்கு யாரும் பில் போடுவதில்லை. ஆனால் வெயிலை மருந்தின் குளிர்ச்சியாக மாற்றித் தரும் கருவிக்கு ஆளும் வேண்டும், பணமும் வேண்டும், ஏடும் வேண்டும். ஏடு எழுதுவதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நம் ஊர் சுகாதார நிலையத்தின் கூரை மேல் தகடு இருந்தால், அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது உள்ளே சென்று, பேட்டரி கடைசியாக எந்த ஆண்டு மாற்றப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்டு வருவோம்.